தேர்தலன்று வாய் திறக்கும் திமிங்கிலம்

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நான் போய் இறங்கியபோது தேர்தலுக்கு நாலு நாள்தான் இருந்தது. எங்கே திரும்பினாலும் ‘வால்’ என்ற சொல் கண்ணில் பட்டது. சதுக்கத்தில் சின்னச் சின்ன மரக்குடில்கள். கட்சிக்காரர்கள் அங்கே நின்று காபி கொடுத்துப் பேசுகிறார்கள். அந்தக் குடிலுக்கு வால்ஸ்துகா என்று பெயர். வால் என்றால் தேர்தல்.

நான் பார்க்கப் போனது இன்னொரு வால். சுவீடிஷில் திமிங்கிலத்துக்கும் அதே சொல்தான்.

ஸ்லொட்ஸ்கூகன் பூங்காவை ஒட்டிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்த நீலத் திமிங்கிலம். 1865 அக்டோபரில் ஊருக்குத் தெற்கே அஸ்கிம் விரிகுடாவில் உயிரோடு கரை தட்டியது. இரண்டு மீனவர்கள் அதைக் கொன்றார்கள். அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மால்ம் என்பவர் விலைக்கு வாங்கி, மரச்சட்டம் கட்டி, அதன்மேல் தோலைப் போர்த்தி ஆணியடித்து நிறுத்தினார். பக்கத்திலேயே எலும்புக்கூடு. நீளம் 16 மீட்டர். இவ்வளவு பெரிய உடம்பு ஒரு குட்டியினுடையது என்று தெரிந்ததும் மனசு கனத்துவிட்டது. தோல் கருத்து, வறண்டு, பழைய செருப்புத் தோல்போல இருந்தது. அதன் முகத்துக்கு நேரே வெகுநேரம் நின்றேன்.

மேல்தாடைக்குக் கீல் வைத்திருக்கிறார்கள். தூக்கினால் வாய் திறக்கும். உள்ளே உட்காரப் பெஞ்சுகள் உண்டு. ஒரு காலத்தில் ஜனங்கள் சாதாரணமாகவே உள்ளே போய் வந்தார்களாம். இப்போது விசேஷ நாட்களில் மட்டும்தான். அதில் முக்கியமானது தேர்தல் நாள். வாலுக்கு வால்! ஒரு சொல்லின் இரட்டை அர்த்தத்தை ஒரு ஊரே இப்படிக் கொண்டாடுவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இலக்கணத்தில் இரண்டும் பிரிந்துவிடும். ‘அந்தத் திமிங்கிலம்’ என்றால் வாலென், ‘அந்தத் தேர்தல்’ என்றால் வாலெத். ஆனால் அங்கே நாடாளுமன்றம், மாகாணம், நகராட்சி மூன்றுக்கும் ஒரே நாளில் வாக்களிக்கிறார்கள். மஞ்சள், நீலம், வெள்ளை என்று மூன்று நிறச் சீட்டுகள். ‘அந்தத் தேர்தல்கள்’ என்று பன்மையில் சொன்னால், மறுபடியும் வாலென்!

நான் நின்ற அன்று வாய் மூடியிருந்தது. “ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்” என்றார் அங்கிருந்த பெண். எனக்கு மறுநாள் காலையிலேயே ரயில். அந்தத் தேர்தல் நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான், செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. வெளியே வரும்முன் இன்னொரு தடவை திரும்பிப்போய், மூடிய அந்த வாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.