அம்மா தனியா கடைக்குப் போய் மூணு வருஷமாச்சு

மேற்கு மாம்பலத்துல இருந்தப்போ அம்மாவுக்கு ஒரு மஞ்சப் பை போதும். காலைல பத்து மணி போல கிளம்பி ஆரிய கவுடா ரோட்டுல காய் பாத்து பேரம் பேசி வாங்கிட்டு, அயோத்யா மண்டபத்துல உபன்யாசம் நடந்தா கொஞ்ச நேரம் உக்காந்து கேட்டுட்டு, தோணுச்சுன்னா ஸ்டேஷன் படி ஏறி அந்தப் பக்கம் ரங்கநாதன் தெருவுக்கே போயிட்டு வந்துடுவாங்க. யாரையும் கேக்க வேண்டியதில்ல.

இப்ப சென்னைக்குத் தெக்க படூர்ல இருக்கோம், ஓ.எம்.ஆர்.னு சொல்ற பழைய மகாபலிபுரம் ரோட்டுல இருந்து உள்ள ஒன்றரை கிலோமீட்டர். சொந்த ஃபிளாட். நல்ல காத்து வருது, பசங்க ஓடியாட இடம் இருக்கு, மாம்பலத்துல இந்த விலைக்கு பாதி வீடு கூட கிடைச்சிருக்காது, அதெல்லாம் நிஜம்தான். ஆனா வாங்குறப்போ ஈஎம்ஐ எவ்ளோ வாடகை எவ்ளோன்னு எழுதி எழுதிப் பாத்தோமே தவிர பெட்ரோலை எழுதவே இல்ல. ஆபீஸ் நுங்கம்பாக்கத்துல, போக வர 60 கிலோமீட்டருக்கு மேல, டிராஃபிக்ல வண்டி லிட்டருக்கு 13 கொடுத்தா பெரிய விஷயம், மாசம் பத்தாயிரம் அதுலயே போயிடுது. 2022 ஏப்ரல்ல உக்ரைன் போரால சென்னைல பெட்ரோல் 110 ரூபா 85 பைசா வரைக்கும் போச்சுல்ல, அப்ப மாம்பலத்துல இருந்து மின்சார ரயில்ல போயிட்டிருந்த எனக்கு அது பேப்பர்ல படிக்கிற செய்தி. நம்ம நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெய்ல 85 சதவீதத்துக்கும் மேல வெளிநாட்டுல இருந்துதான் வருது, இன்னொரு தடவை அப்படி ஏறினா நேரா என் சம்பளத்துலதான் கை வைக்கும். இங்க தண்ணி டேங்கர் லாரில வருது, கரண்ட் போனா ஜெனரேட்டர், ரெண்டுக்கும் டீசல், அது மெயின்டனன்ஸ் பில்லுல வந்து நிக்கும்.

பணத்தை விட எனக்கு வலிக்கிறது அம்மா விஷயம்தான். 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனா அந்த பஸ் ஸ்டாப்புக்குப் போக ஆட்டோக்காரர் 80 ரூபா கேக்குறார். நடக்கலாம்னா பிளாட்ஃபார்ம் இல்ல, மண் லாரி உரசிட்டுப் போகுது. அதனால எதுக்கும் என் லீவு நாளுக்காகக் காத்திருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை நான் அசந்து தூங்கிட்டேன், எழுந்து பாத்தா புடவை மாத்தி, பையை மடிச்சு மடில வெச்சுக்கிட்டு சோஃபாவுல உக்காந்திருந்தாங்க. எழுப்பவே இல்ல. எலக்ட்ரிக் கார் வாங்கிடுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, பெட்ரோல் செலவு குறையும் சரி, அதையும் நான்தானே ஓட்டணும்?

புறநகர்னாலே இப்படித்தான்னு நான் சொல்ல வரல. பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931ல ஓட ஆரம்பிச்சுது. பல்லாவரம், குரோம்பேட்டையெல்லாம் அந்த ரயிலை நம்பி வளர்ந்த ஊருங்க, அங்க ஸ்டேஷன் பக்கத்துலயே காய்க்கடை, மருந்துக்கடை, டிபன் கடை எல்லாம் இருக்கும். ஓ.எம்.ஆர்.ல ரோடு வந்துச்சு, ஐடி கம்பெனி வந்துச்சு, ஃபிளாட்டுங்க வந்துச்சு, ரயில் மட்டும் இன்னும் வரல. மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல மாதவரத்துல இருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் லைன் போடுறாங்க, தூணெல்லாம் தெரியுது, மனசார சந்தோஷம்தான், ஆனா சிறுசேரில இருந்து எங்க கேட் வரைக்கும் மறுபடி ஒரு வண்டி வேணும்.

வீட்ல பேசி முடிவு பண்ணிட்டோம். இதை வாடகைக்கு விட்டுட்டு மாம்பலம், இல்லன்னா சைதாப்பேட்டை, ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல வீடு தேடுறோம். சின்ன வீடுதான் கிடைக்கும், பசங்க ஒரே ரூம்ல படுக்கணும். போன வாரம் பாத்த ஒண்ணு ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, அம்மாவுக்கு முட்டி வலி வேற, வேண்டாம்னு நான் சொல்லிட்டேன். ராத்திரி சாப்பிடுறப்போ அம்மாவே பேச்சை எடுத்தாங்க, "அந்த மாடி வீட்டை விட்டுடாதடா, நான் மெதுவா ஏறிக்கறேன்."