ஒரு மணிக்கு முப்பது காலடி: வேளாங்கண்ணி நடைபயணம்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி ஏறக்குறைய 150 கி.மீ. ஆகஸ்ட் 29 மாலை அங்குள்ள மாதா பேராலயத் திருவிழாவின் கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். முந்தின இரவு பெரிய தேர்பவனி. இந்த நாட்களுக்குள் போய்ச் சேரும்படி காவி உடுத்தி, சின்னச் சப்பரத்தில் மாதா சுரூபத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். நாளுக்கு 30 கி.மீ. வீதம் ஐந்து நாள். மூன்றே நாளில் முடிக்கிறோம் என்று வீம்பாகக் கிளம்பினால் தஞ்சாவூரில் பஸ் ஏற வேண்டிவரும்.

மைல் கல்லைப் பார்த்து நடந்தால் மனசு சோர்ந்துபோகும். தூரத்தைச் செபமாலையில் அளப்பதே நல்லது. மணிக்கு ஒன்றாகச் சொல்லும் ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தை முதலில் ஒருவர் பாதி, கூட்டம் மீதி என்று சொல்லி முடிக்கப் பதினெட்டு விநாடி போல ஆகும். அதற்குள் விரலிடுக்கில் ஒரு மணி நகர்ந்துவிடும், கால் முப்பது எட்டு வைத்திருக்கும். 53 மணியும் மற்ற செபங்களும் சேர்ந்து இருபது நிமிடம். ஒன்றேகால் கிலோமீட்டர் கழிந்திருக்கும். செபம் சொல்பவர் வரிசையின் நடுவில் நடக்க வேண்டும். முன்னால் போனால் கடைசி ஆட்களுக்குக் கேட்காது. அவர்கள் பின்தங்குவது அங்கேதான் தொடங்கும். வண்டியில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டை அலறவிடும் குழுக்களில் செபமும் இல்லை, லாரி ஹாரனும் காதில் விழாது.

செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி; ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கருத்து, அதாவது யாருக்காக, எதற்காக என்ற வேண்டுதல், போதும். வேலை கிடைக்காத பையன், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் அக்கா, அடைபடாத கடன். முந்தின இரவே ஐந்தையும் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் இருட்டில் தடுமாற வேண்டாம். ஒவ்வொரு பத்திலும் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிக்கு மறைபொருள் என்று பெயர்; திங்களும் சனியும் மகிழ்ச்சி மறைபொருள். அதில் இரண்டாவது, மரியா எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு விரைந்து போனது. அந்த விரைவு மட்டும் முதல் நாள் நமக்கு ஆகாது.

கத்தோலிக்கத் தமிழில் இப்போது விசுவாசத்துக்கு நம்பிக்கை என்று பெயர். அதற்கு அடுத்த புண்ணியம் எதிர்நோக்கு, அதாவது கடவுள் தருவார் என்று காத்திருப்பது. 2025 யூபிலி ஆண்டின் விருதுவாக்கு ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’. இந்த ரோட்டில் நடந்தால்தான் அந்தச் சொல் பிடிபடும். எதிரே நோக்குவதற்கு இருப்பது பேராலயக் கோபுரமா? அது ஐந்தாம் நாள் சமாச்சாரம். இப்போதைக்கு அடுத்த தண்ணீர்ப் பந்தல். மோர் ஊற்றுகிறவர் நெற்றியில் திருநீறு இருக்கும். “எங்களுக்கும் சேத்து மாதாகிட்ட வேண்டிக்கங்க” என்பார். அடுத்த பத்து மணி அவருக்கு. வேளாங்கண்ணி மரபிலும் மோருக்கு இடமுண்டு: நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனிடம் மாதா தன் குழந்தைக்கு மோர் கேட்டு வாங்கியதாகத்தான் சொல்கிறார்கள்.

மோர் கிடைக்காத இடத்துக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மட்டமாக அளந்து போடுங்கள். உப்பு கூடினால் கெடுதல்.

நடக்கும் நேரம் விடிகாலை மூன்றரை முதல் எட்டரை வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் தார் பொசுக்கும். இருட்டில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ரோட்டின் வலது ஓரம் நடக்க வேண்டும்; முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் டார்ச். செருப்பு ஒரு மாதமாவது பழகியதாக இருக்கட்டும். புதுச் செருப்பு இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் எழுப்பும். கொப்புளத்தில் ஊசியால் நூலைக் கோத்து விட்டுவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நீர் வடியும், உண்மைதான். அதே நூல் வழியாக அழுக்கும் உள்ளே போகும். உடைக்காமல் மேலே துணி வைத்துக் கட்டுங்கள். தானாக உடைந்தால் கழுவி, தோலை உரிக்காமல் மூடுங்கள். தொடை உரசலுக்குக் கிளம்பும் முன்பே தேங்காய் எண்ணெய்; எரிய ஆரம்பித்த பிறகு தடவிப் பெரிய பயனில்லை. சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடப்பதாக நேர்ந்துகொள்ள வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது.

வந்து சேர்ந்ததும் கடலில் இறங்கத் தோன்றும். களைத்த காலோடு அலையில் நிற்பது ஆபத்து; குழாயடி போதும். பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை மணல் பாதையில் முழந்தாளிட்டுப் போகிறவர்கள் சூரியன் ஏறுமுன் தொடங்குவது நல்லது. முட்டியில் சுற்றிய துணி பத்தடியில் கணுக்காலுக்கு இறங்கிவிடும். பேன்ட்டின் முட்டியில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தால் நகராது. சேலை முழங்காலுக்கடியில் மாட்டி ஆளை முன்னே சாய்க்கும். அதனால் கூட ஒருவர் வேண்டும்: ஒரு கையில் தண்ணீர் பாட்டில், தோளில் இவருடைய பை, மறு கையைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்து அதே வேகத்தில் செபம் சொல்லியபடி.