கார்புரேட்டரைக் கடைசியில் கழற்றுங்கள்

படகின் பின்னால் மாட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் கிளம்பவில்லை என்றதும் கை தானாகக் கார்புரேட்டர் பக்கம் போகும். கண்ணுக்கு எதிரே இருக்கிறது, நாலு திருகில் கழன்றும் வந்துவிடுகிறது. ஆனால் 1950, 60களின் பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த மேக்னெட்டோ (காந்தம் சுழன்று மின்சாரம் தரும் அமைப்பு) மோட்டார்களில், கார்புரேட்டர் கோளாறு மாதிரி தெரிவது பல நேரம் பிளக்கில் பாயும் தீப்பொறியின் கோளாறுதான். முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்), அடுத்து ஸ்பார்க் (பொறி), அதற்கப்புறம்தான் பெட்ரோல்.

கம்ப்ரஷன் பார்க்க எல்லா பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்து, பிளக் துளையில் மாட்டிய அழுத்தக் கேஜின் முள் இனி ஏறாது என்னும்வரை கயிற்றை இழுங்கள். திராட்டில் மூடியிருந்தால் நல்ல மோட்டாரும் குறைத்துக் காட்டும். அழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ என்பதைவிடச் சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் மேலே போகலாம். ஒன்று மட்டும் குறைந்தால் கரி படிந்து ரிங் ஒட்டியிருக்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா பாருங்கள்.

பிளக்கை எஞ்சின் பிளாக்கில் தொட்டு வைத்துப் பொறி பார்ப்பதை நம்பவே கூடாது. வெளிக்காற்றில் தாண்டுகிற பலவீனமான பொறி, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தில் தாண்டாது. பெட்ரோல் டேங்கைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்பார்க் டெஸ்டரை மாட்டுங்கள். 6 மி.மீ. இடைவெளியில் நீலமாக, சுளீரென்று பாய வேண்டும். பாயவில்லை என்றால் மோட்டாரின் உச்சியில் சுழலும் கனமான சக்கரமான பிளைவீலைத் தூக்கியாக வேண்டும். நடுவில் இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லரையே பயன்படுத்துங்கள். விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தால் பிளைவீல் நெளியும்.

பிளைவீலுக்கு அடியில் இருக்கும் காயிலின் (பொறிக்கு மின்னழுத்தம் ஏற்றும் கம்பிச்சுருள்) மேல்பூச்சு வெடித்திருந்தால் சோதனைக்கே வேலையில்லை, மாற்றிவிடுங்கள். பாயிண்ட் பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும் விடாதீர்கள். ஓடாமல் கிடந்த மோட்டாரில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் இருக்கும். தின்னரில் நனைத்த வெள்ளைத் தாளை நடுவே விட்டு, பாயிண்டை மூடி, உருவுங்கள். சாம்பல் நிறக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை தாளை மாற்றி மாற்றி உருவ வேண்டும். புது பாயிண்டிலும் எண்ணெய்ப் பசை இருப்பதால் அதற்கும் இதே வைத்தியம்தான். பிறகு பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமின் உச்சியில் வைத்து இடைவெளியை அமையுங்கள். பல ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களுக்கு 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ. பிளைவீலைத் திரும்ப வைக்கும்போது அது உட்காரும் ஷாஃப்டின் கூம்புப் பகுதியான டேப்பரில் துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது. நட் தளர்ந்தால் பிளைவீலை ஷாஃப்டோடு பிணைக்கும் கீ வெட்டுப்பட்டு டைமிங் மாறிவிடும்.

இனி பெட்ரோல். ஓடும்போது மோட்டார் தொய்கிறது, பெட்ரோல் குழாயில் இருக்கும் பிரைமர் பல்பை (கையால் அழுத்தும் ரப்பர் உருண்டை) அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடுகிறது என்றால் பெட்ரோல் பம்பின் டயாஃபிராமை (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) சந்தேகப்படுங்கள். பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் அடைப்பு டேங்க் பக்கம். சோக் போட்டால்தான் ஓடுகிறது என்றால் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று உறிஞ்சுகிறது. இந்த இடத்துக்கு வந்த பிறகு தாராளமாகக் கார்புரேட்டரைக் கழற்றலாம். கார்க் மிதவை உள்ள மாடலில் அதன் பூச்சைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஷெல்லாக் பூச்சைக் கரைத்துவிடும். கார்க் ஊறிக் கனத்து, பெட்ரோல் வழியத் தொடங்கும்.

கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான பெட்ரோலை அளக்கும் லோ-ஸ்பீடு ஊசியை மெதுவாக முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். அழுத்தி முறுக்கினால் ஊசியின் முனையில் பள்ளம் விழும், அதற்கப்புறம் எந்த அமைப்பும் நிற்காது. மோட்டார் சூடான பிறகு, கியரில் போட்டு, அரைக்கால் சுற்று அரைக்கால் சுற்றாக (எட்டில் ஒரு பங்கு) உள்ளே திருகுங்கள். ஒவ்வொரு முறையும் 15 வினாடியாவது பொறுங்கள். தும்மினால் பெட்ரோல் குறைகிறது. அரைக்கால் சுற்று வெளியே எடுத்து விட்டுவிடலாம்.

பெட்ரோலில் ஆயில் கலப்பதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 1964-க்கு முந்தைய பல ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களுக்குப் பெட்ரோலுக்கு ஆயில் 24:1, லிட்டருக்கு ஏறக்குறைய 42 மி.லி. அதற்குப் பிந்தையவற்றில் பெரும்பாலும் 50:1, லிட்டருக்கு 20 மி.லி. தண்ணீரில் குளிரும் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில்தான் ஊற்ற வேண்டும். காற்றில் குளிரும் பைக் எஞ்சினுக்கான 2டி ஆயில் இதற்கு ஆகாது.

பழைய மோட்டாரைக் கொல்வது பெரும்பாலும் அதைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்தான். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகள் ஒரே பக்கம் வளைந்து விறைத்திருந்தால் மாற்றுங்கள். ஓர் இறக்கை ஒடிந்து காணோம் என்றால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள், அது தண்ணீர்க் குழாயில் சிக்கியிருக்கும். பம்பின் மூடியை அழுத்தும்போது டிரைவ் ஷாஃப்டை மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே இறக்கினால் இறக்கைகள் சரியான பக்கம் மடியும். ஷாஃப்டின் ஸ்ப்ளைன் பற்களின் பக்கங்களில் கிரீஸ் தடவலாம், உச்சி முகத்தில் கூடாது. தண்ணீர் இல்லாமல் சோதனைக்குக்கூட ஓட்டாதீர்கள். தண்ணீர் டிரம்மில் மோட்டாரின் அடிப்பகுதியான கியர்கேஸ் நன்றாக மூழ்கும்படி நிறுத்தி ஓட்டுங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் தண்ணீர் பீய்ச்சிக் காட்டும் துளையே இருக்காது. ஹெட்டில் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள், சுர்ரென்று பொரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீலில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா முதலில் பாருங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளேயே தங்கிவிடும். மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் அதை முதலில் மூடி, பிறகு கீழே ஆயில் ஏற்றும் பம்பை எடுத்துச் சட்டென்று திருகு போடுங்கள். வாஷர் இரண்டும் புதிதாக இருக்கட்டும்.