அளவு உயராத மாத்திரைகள்

காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில், நாள்பட்ட இதயச் செயலிழப்புக்காக, அதாவது இதயம் போதிய அளவு இரத்தத்தை உந்த முடியாத நிலைக்காக, மாதந்தோறும் வருபவர்களின் சிகிச்சை விவரங்களைத் தனி நோட்டு ஒன்றில் எழுதிவரத் தொடங்கினேன். பெயர்களை எழுதவில்லை, மாத்திரை, அதன் அளவு, எடை, இரத்த அழுத்தம், எக்கோ ஸ்கேனில் தெரிந்த இதயச் சுருக்கத் திறன் ஆகியவற்றை மட்டுமே குறித்தேன். பட்டமேற்படிப்பில் நான் கற்றதற்கும் என் மேசையில் நடப்பதற்கும் இடையே இத்தனை தொலைவு ஏன் என்று அறிந்தே ஆக வேண்டும் என்ற தவிப்புதான் அதற்குக் காரணம்.

கற்றதில் குழப்பம் எதுவும் இல்லை. சுருக்கத் திறன் குறைந்த இதயத்துக்கு, துடிப்பை மெதுவாக்கி அதன் சுமையைக் குறைக்கும் ‘பீட்டா தடுப்பி’ வகை மருந்தான மெட்டோபுரொலால் சக்சினேட்டை 12.5 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, உடல் தாங்கினால் 200 வரை கொண்டு செல்ல வேண்டும். 1999இல் வெளிவந்த மெரிட்-ஹெச்எஃப் ஆய்வில் இறப்பு 34% குறைந்தது; அதில் நோயாளிகள் எட்டிய சராசரி அளவு நாளொன்றுக்கு 159 மில்லிகிராம். என் நோட்டிலோ 25இல் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு கழித்தும் 25இலேயே நின்றார்கள். மாதா மாதம் சீட்டில் ‘ரிப்பீட்’ என்ற ஒரே குறிப்பு இருந்தது. அவற்றில் பல என் கையெழுத்தில் இருந்தன.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறை அன்று என்பதைப் பின்னர் படித்தபோது ஆறுதலைவிடக் கவலையே மிகுந்தது. அமெரிக்காவில் 150 மருத்துவ நிலையங்களில் 3,518 புறநோயாளர்களைப் பதிவு செய்த சாம்ப்-ஹெச்எஃப் ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. அவர்களில் 33% பேருக்குப் பீட்டா தடுப்பி எழுதப்படவில்லை. உப்பையும் நீரையும் வெளியேற்றிப் பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் வகை மாத்திரை 67% பேருக்கு இல்லை. இவ்விரண்டோடு, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஏசிஇ தடுப்பி போன்றவற்றையும் சேர்த்து மூன்று முக்கிய மருந்து வகைகளையும் முழு அளவில் ஒருசேர எடுத்துக்கொண்டவர்கள் 1% மட்டுமே. நமக்கு அருகில், திருவனந்தபுரத்தில் 2013இல் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 நோயாளிகளைத் தொடர்ந்த பதிவேட்டிலும், இதயச் சுருக்கம் குறைந்தவர்களில் 25% பேர்தான் அம்மூன்று வகைகளோடும் வீடு திரும்பினார்கள். எத்தனை பேருக்கு மருந்து போய்ச் சேரவில்லை என்பதை இத்தகைய எண்கள் சொல்லிவிடுகின்றன. ஏன் சேரவில்லை என்பதை நோயாளியின் எதிரே உட்கார்ந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது.

கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா ஒருவர் ஒவ்வொரு முறையும் வீங்கிய கால்களோடு வருவார். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் விழும் குழி நெடுநேரம் மேலெழாது. நீர் மாத்திரையான ஃபியூரோசெமைடை 40இலிருந்து 80 ஆக்கினேன். வீக்கம் வற்றவில்லை, அதற்குப் பதில் சில நாட்களில் தலை சுற்றுகிறது என்றார். எங்கள் செவிலியர்தான் அவரருகே அமர்ந்து, தினமும் போடுகிறீர்களா என்று நிதானமாகக் கேட்டார். “பூக்கடையில உக்காந்தா மத்தியானம் வரைக்கும் ஒதுங்க இடமில்ல சிஸ்டர். இங்க வர்றதுக்கும் ரெண்டு பஸ் மாறணும். வீட்ல இருக்கிற நாள்ல மட்டும் போட்டுக்குவேன்” என்றார். நான் கூட்டிய அளவு முழுவதும் அந்த ஓரிரு நாட்களில் மட்டும் அவர் உடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஃபியூரோசெமைடின் வேகம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தணிந்துவிடும். அளவை மீண்டும் 40க்குக் குறைத்து, கடை முடிந்து வீடு திரும்பியதும் மூன்று மணிக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னோம். வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லாததால், தெருமுனை அரிசி மண்டியின் தராசில் ஏறி நின்று எடை பார்க்கவும், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அடுத்த மாதம் வரை காத்திராமல் உடனே வரவும் சொன்னோம். இரண்டு மாதங்களில் அவர் கால்களில் எலும்பின் விளிம்பு தெரிந்தது. ‘காலையில்’ என்ற சொல்லைச் சீட்டில் எழுதும்போது அவருடைய காலைப்பொழுது எப்படிப்பட்டது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. அது இன்றும் என்னை வருத்துகிறது.

மருத்துவர்களின் தயக்கத்தை வெறும் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஸ்பைரனோலாக்டோன் இறப்பை 30% குறைக்கிறது என்று 1999இல் ரேல்ஸ் ஆய்வு காட்டிய பிறகு, கனடாவின் ஒன்டாரியோவில் அதன் பயன்பாடு பன்மடங்கு பெருகியது. கூடவே, இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 2.4 என்பதிலிருந்து 2001இல் 11 ஆக உயர்ந்தார்கள். ஆய்வில் பங்கேற்றவர்களுக்குக் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை நடந்தது. எங்கள் நோயாளிகளோ, சோர்வு தீரட்டும் என்று உறவினர்கள் அன்போடு வாங்கித் தரும் இளநீரைக் குடித்துவிட்டு வருவார்கள். பொட்டாசியம் நிறைந்த பானம் அது. மாத்திரை எழுதும்போதே இளநீரைப் பற்றியும் கேட்டு, ஒரு வாரத்தில் இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டால் அந்த மருந்தைத் துணிந்து தரலாம். ஆனால் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் காலைப்பொழுதில் முதலில் விடுபடுவது இந்தக் கேள்விதான். 2019க்குப் பின் இந்நோய்க்கு வந்துசேர்ந்த டாபாகிளிஃப்ளோசினை ஒரே அளவாக 10 மில்லிகிராம் கொடுத்தால் போதும். படிப்படியாக ஏற்ற வேண்டியதில்லை என்பதால், எங்கள் பிரிவுக்கென்றே செய்த மருந்துபோல அது எனக்குத் தோன்றுகிறது.

பிறகு நோட்டில் ‘ஏன்’ என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். அளவை உயர்த்தாத ஒவ்வொரு முறையும் அதில் காரணம் எழுத வேண்டும்; எழுதக் காரணம் இல்லையென்றால் அன்றே உயர்த்த வேண்டும். முதல் சில வாரங்களில் அந்தப் பத்தியை நிரப்ப முயன்றபோது, பெரும்பாலானவர்களுக்கு எழுத எதுவும் இல்லை. அவர்களுக்கெல்லாம் மாத்திரையின் அளவு நகரத் தொடங்கியது. ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் மட்டும் இன்னும் 25இலேயே இருக்கிறார். அவர் பெயருக்கு ஈடான எண்ணின் எதிரே, “எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நின்ற நிலையில் அழுத்தம் 86, அடுத்த முறை மீண்டும் பார்க்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறேன்.