பேண்ட் இடுப்பும் நிஜ இடுப்பும்

பொள்ளாச்சியில் நானும் என் மனைவியும் தையல் கடை வைத்திருக்கிறோம். பேண்ட், சட்டை என் பக்கம். பிளவுஸ், சுடிதார் அவள் பக்கம். டேப்பும் கழுத்துமாகவே பொழுது போகிற தொழில் என்பதால் உடம்புக் கொழுப்பைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பேண்ட் தைக்க வருகிற ஆண்களிடம் இடுப்பு எவ்வளவு என்று கேட்டால், "34 போடுங்க மாஸ்டர், எப்பவும் அதுதானுங்க" என்பார்கள். பொய்யில்லை. அவர்கள் பேண்ட் போடுகிற இடத்தில் டேப் வைத்தால் 34தான் வரும். ஆனால் அந்த இடம் தொப்பைக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கே சதை அவ்வளவாகப் போடாது. அதே ஆளுக்கு நான்கு விரற்கடை மேலே, தொப்புள் பக்கம் டேப்பைச் சுற்றினால் 38, 39 என்று வரும். தொப்பை வளர வளர பெல்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும், பேண்ட் அளவு மட்டும் மாறாது. இருபது வருஷமாக ஒரே சைஸ் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களில் பலர் இப்படித்தான்.

மருத்துவத்துக்கான இடுப்பளவை எடுக்கும் இடம் வேறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப் வர வேண்டும். நேராக நின்று, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு, இறுக்காமல் எடுக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. அளவெடுக்கும்போது எல்லோருமே எக்குவார்கள். நான் இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுப்பேன், தானாகத் தளர்ந்துவிடும். இப்படி எடுத்த அளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்கான வரம்பு. இஞ்சில் சொன்னால் ஏறக்குறைய 35½, 31½. பிரிட்டனில் 2022-இல் வந்த வழிகாட்டுதல் இன்னும் சுலபம்: உயரத்தில் பாதிக்கும் குறைவாக இடுப்பு இருக்கட்டும் என்கிறார்கள். ஐந்தரை அடி ஆளுக்கு 33 இஞ்ச்.

எடை பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. எடை மெஷினுக்கு எலும்பு, தசை, தண்ணீர், கொழுப்பு எல்லாம் ஒன்றுதான். 1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கே தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை பார்த்தார். கொழுப்பு மிதக்கும், தசை அமிழும் என்பதால் எது எவ்வளவு என்று இதில் தெரிந்துவிடும். அன்றைய உயரம்-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் அதிக எடை, ராணுவத்துக்கே லாயக்கில்லாதவர்கள். உண்மையில் அவர்கள் உடம்பில் இருந்தது தசை, கொழுப்பு குறைவு.

நம் ஊர்க் கதை இதற்குத் தலைகீழ். புனேயைச் சேர்ந்த சர்க்கரை நோய் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 22.3. இம்மி வித்தியாசமில்லை. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியான கை கால், நடுவில் தொப்பை என்கிற உடம்புவாகு நம்மிடம் சகஜம். அதனால்தான் பி.எம்.ஐ. 25 வரை பரவாயில்லை என்ற கணக்கை நமக்கு 23 என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து சட்டை 38 சைஸுக்கு மேல் போகாத எத்தனையோ பேர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள். "இவ்வளவு ஒல்லியா இருந்துட்டு இவருக்கு எப்படிங்க?" என்று வீட்டில் அழுகிறார்கள். சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், வயது வந்தோரில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகக் கண்டார்கள்.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடத்தில் சேர்கிறது. ஒன்று தோலுக்கு அடியில். விரலால் பிடித்தால் கையில் வரும். இன்னொன்று உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி. பிடித்தாலும் அகப்படாமல் கல் மாதிரி உருண்டு நிற்கிற தொப்பைக்குள் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் இருக்கும். ஆபத்தும் இதில்தான். இது கரையும்போது வெளிவிடுகிற கொழுப்பு அமிலம் நேரே ஈரலுக்குப் போய்ச் சேரும், இன்சுலின் வேலை செய்வது மந்தமாகும், சர்க்கரை ஏறும்.

ஆனால் கொழுப்பே வேண்டாத சமாச்சாரம் என்று நினைத்துவிடக் கூடாது. மூளை, நரம்பு, எலும்பு மஜ்ஜை எல்லாவற்றுக்கும் கொழுப்பு வேண்டும். உயிர் ஓட்டத்துக்கென்றே ஆணுக்குச் சுமார் 3 சதவீதமும் பெண்ணுக்குச் சுமார் 12 சதவீதமும் தேவை. நான்கு மடங்கு வித்தியாசம்! பிள்ளைப்பேற்றுக்கும் பால் கொடுக்கவும் உடம்பு முன்கூட்டியே எடுத்து வைக்கிற சேமிப்பு அது. அமெரிக்க உடற்பயிற்சி கவுன்சிலின் பட்டியலில் ஆண்களுக்கு 14 முதல் 17 வரை நல்ல கட்டுக்கோப்பு, 24 வரை பரவாயில்லை, 25-ஐத் தொட்டால் பருமன். பெண்களுக்கு 21 முதல் 24 வரை கட்டுக்கோப்பு, 31 வரை பரவாயில்லை, 32-ஐத் தொட்டால் பருமன். ஆக 28 சதவீதம் என்று கொழுப்பு அளக்கிற மெஷின் காட்டினால் கணவர் கவலைப்பட வேண்டும், மனைவி நிம்மதியாக இருக்கலாம். இருவரும் ஒரே மெஷினில் ஏறி இறங்கி, "உனக்குத்தான் ஜாஸ்தி" என்று பெண்ணைச் சொல்லிக் காட்டுகிற வீடுகளை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

என் மனைவியிடம் வருகிற பெண்கள் அதிகம் வருத்தப்படுவது தொடை, பின்புறம் பற்றித்தான். சுடிதார் பேண்டில் அங்கேதான் பிடிக்கும். இடுப்புக்குக் கீழே சேர்கிற இந்தக் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பு போலக் கெடுதல் செய்வதில்லை. மாதவிலக்கு நிற்கிற வயதுக்குப் பிறகுதான் நிலைமை மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சதை வயிற்றுக்கு வந்து உட்காரும். அளவு நோட்டைப் புரட்டினால் அது பளிச்சென்று தெரியும். மார்பு, தோள், கை எல்லாம் பழைய அளவிலேயே இருக்க, டாப்ஸின் வயிற்றுச் சுற்றளவு மட்டும் ஐம்பதை ஒட்டி மளமளவென ஏறியிருக்கும். அப்புறம் கல்லூரிப் பெண்கள். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, அதே சுடிதாரை மறுபடி மறுபடி பிடித்துத் தரச் சொல்கிற பிள்ளைகளிடம் என் மனைவி தனியாக, "மாசாமாசம் சரியா வருதா கண்ணு?" என்று கேட்பாள். கொழுப்பு ரொம்பக் குறைந்தால் மாதவிலக்கு நின்றுவிடும், எலும்பும் தேயும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜிம்மிலும் வீட்டிலும் இருக்கிற இந்தக் கொழுப்பு மெஷின்கள் உள்ளங்காலிலோ கையிலோ லேசான மின்சாரம் செலுத்திக் கணக்குப் போடுகின்றன. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும், கொழுப்பில் தடைபடும். அதனால் தண்ணீர் குடித்தாலும் வியர்த்தாலும் எண் மாறும். தினமும் பார்த்துப் பதறாமல், காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் மாதம் ஒருமுறை பார்த்தால் போக்கு தெரியும். துல்லியமாக வேண்டுமென்றால் எக்ஸ்ரே வைத்து அளக்கிற டெக்சா ஸ்கேன் இருக்கிறது, செலவு பிடிக்கும்.

டேப்பை வைத்தும் கணக்குப் போடலாம். அமெரிக்கக் கடற்படைக்காக 1984-இல் வகுத்த சூத்திரத்துக்கு ஆண்களிடம் உயரம், கழுத்து, தொப்புள் மட்டத்துச் சுற்றளவு மூன்றும் போதும். பெண்களுக்குத் தொப்புள் மட்டத்துக்குப் பதில் இடுப்பின் மிக ஒடுங்கிய இடம், கூடவே பின்புறச் சுற்றளவும் சேரும். 170 சென்டிமீட்டர் உயரம், காலர் 38, வயிறு 92 என்றால் ஏறக்குறைய 23 சதவீதம். வயிறு 86-க்கு இறங்கினால் 18½. மூன்று நான்கு சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனாலும் வெறும் ஆறு சென்டிமீட்டரில் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

குறைப்பதற்கு வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை. குறிப்பிட்ட இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. வேகமான நடை, கொஞ்சம் பளு தூக்குவது, தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறும் முட்டையும் கூட்டுவது, நல்ல தூக்கம். நல்ல சேதி என்னவென்றால் உள்வயிற்றுக் கொழுப்பு நடைக்குச் சீக்கிரம் மசியும். சில சமயம் எடை குறையாமலே இடுப்பு குறையும். அப்போது எடை மெஷினைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள், டேப்பைப் பாருங்கள்.

இப்போதெல்லாம் பேண்டுக்கு அளவெடுக்கும்போது இரண்டு இடுப்பையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த முறை வருகிறவருக்குப் பழைய அளவையும் சேர்த்துச் சொல்கிறேன். துணி தைக்கக் கொடுக்காவிட்டாலும் வாருங்கள், அளந்து சொல்கிறேன். பெண்களுக்கு என் மனைவி அளப்பாள். செவ்வாய்க்கிழமை மட்டும் கடை விடுமுறை.