நடக்க ஆசையா, உட்கார முடியலையா?

மனநல வார்டில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு கேஸ் ஷீட்டில் நான் எழுதிய வரி இன்னும் நினைவில் இருக்கிறது. ‘நோயாளி அமைதியில்லாமல் இருக்கிறார். இரவு முழுக்க வராந்தாவில் நடந்தார்.’ பார்த்ததைத்தான் எழுதினேன். அதைப் படித்த டியூட்டி டாக்டர் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தின் அளவைக் கூட்டினார். மறுநாள் இரவு அந்தப் பெண் இன்னும் வேகமாக நடந்தார். நானும் இன்னும் அழுத்தமாக எழுதினேன்.

அவருக்கு முப்பது வயதிருக்கும். மனச்சிதைவு நோய். காதில் கேட்ட குரல்கள் முதல் வாரத்திலேயே குறைந்திருந்தன. அப்படியிருந்தும் ஏன் இந்த நடை என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நோய் இன்னும் அடங்கவில்லை என்பது எல்லாருக்கும் வசதியான பதிலாக இருந்தது. மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த மூத்த டாக்டரம்மா அவரை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நடக்கணும்னு ஆசையா இருக்காம்மா, இல்ல உட்கார முடியலையா?”

“உட்கார முடியல மேடம். காலுக்குள்ள என்னமோ குடையுது. உட்கார்ந்தா உயிரே போற மாதிரி இருக்கு.”

அதற்குப் பெயர் அகதீசியா. மருந்து கொடுக்கும் தவிப்பு அது. நோயின் கிளர்ச்சி என்று நினைத்து மருந்தைக் கூட்டக் கூட்டத் தவிப்பும் கூடும். டாக்டரம்மா அளவைக் குறைத்து, தவிப்பைத் தணிக்க ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்த்தார். சில நாளில் அந்தப் பெண் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தார். மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போன என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் திரும்பிச் சிரிக்க வரவில்லை. அந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மற்ற வார்டுகளில் ஒருவர் ‘இந்த மாத்திரை போட்டதிலிருந்து உடம்பு சரியில்லை’ என்றால் மாத்திரையைச் சந்தேகிப்போம். எங்கள் வார்டில் ஆளைச் சந்தேகிப்போம். இருபது வருடத்தில் நான் பார்த்த மருந்துப் பிசகுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து வந்தவைதான். தவறான மாத்திரை, தவறான ஆள், தவறான நேரம் என்பதெல்லாமும் நடக்கும். அதைத் தடுக்கப் பட்டியல்கள் இருக்கின்றன, இரண்டு பேர் சரிபார்க்கும் முறை இருக்கிறது. நோயாளி சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாததைத் தடுக்க ஒரு பட்டியலும் இல்லை.

அளவைக் கூட்டினால் குணமும் கூடும் என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வந்து உட்காரும் டி2 ஏற்பிகளை அடைத்துக்கொள்கின்றன. அந்த ஏற்பிகளில் ஏறக்குறைய 65 சதவீதம் அடைபட்டாலே பலருக்கு மருந்து வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 80 சதவீதத்தை நெருங்கும்போது கை நடுக்கம், உடல் இறுக்கம், இந்தத் தவிப்பு எல்லாம் வரிசையாக வருகின்றன. நடுவில் இருக்கும் சந்து அவ்வளவு சின்னது. அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு மில்லிகிராமும் பெரும்பாலும் தொல்லையைத்தான் ஏற்றும். ஆனால் நள்ளிரவில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது, வார்டில் நான் ஒருத்தி மட்டும் இருக்கும்போது, இந்தக் கணக்கு மனதில் நிற்காது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பையன். பத்தொன்பது வயது, இருமுனைக் கோளாறு, மேனியா என்கிற அடங்காத கிளர்ச்சியின் உச்சத்தில் கொண்டுவந்தார்கள். ஹாலோபெரிடால் ஊசி போட்டோம். மறுநாள் சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது, இரண்டு கண்ணும் மேலே செருகிக்கொண்டன, நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. அவன் அம்மா அலறிவிட்டார். பக்கத்தில் நின்ற வார்டு உதவியாளர் “நடிக்கிறான் சிஸ்டர்” என்றார். நடிப்பில்லை, தசைப்பிடிப்பு. முதல் சில நாட்களில், அதுவும் வயதில் சின்ன ஆண்களுக்கு, அதிகம் வருவது. ப்ரோமெதசின் ஊசி போட்டதும் அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது.

எங்களுக்கு அது அரை மணி நேர விஷயம். அவனுக்கு அப்படியில்லை. வீட்டுக்குப் போனபின் ஒரு வருடம் எந்த மாத்திரையையும் வாயில் வைக்கவில்லை. இரண்டு முறை திரும்ப அட்மிட் ஆனான். ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று ஷீட்டில் எழுதியிருந்தார்கள். அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊசி போடுவதற்கு முன் யாராவது ஒருவர், கழுத்து பிடிக்கலாம், கண் செருகலாம், வந்தால் உடனே சொல்லு, மாற்று மருந்து கையிலேயே இருக்கிறது என்று சொல்லியிருந்தால்? இப்போது நான் சொல்கிறேன். கத்திக்கொண்டிருப்பவரிடமும் சொல்கிறேன். காதில் விழவில்லை என்றுதான் தோன்றும். ஒரு வாரம் கழித்து அவர்களே அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வார்கள்.

மருந்தை நிறுத்துவது பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் பக்கவிளைவுகளாகவே பேசிக்கொண்டு போனால் யாராவது இன்றைக்கே மாத்திரைப் பட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். மனச்சிதைவு பற்றி 65 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை 2012-ல் வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு. மருந்திலிருந்து வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு. இந்த வித்தியாசத்தை நான் அட்மிஷன் அறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிறுத்தினவுடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஏமாற்று. முதல் மாதம் சுறுசுறுப்பாக இருக்கும், தூக்கக் கலக்கம் போய்விடும், ‘பார்த்தியா, மருந்து வேண்டவே வேண்டாம்’ என்று தோன்றும். அப்புறம் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஒரு ராத்திரி தூக்கம் வராமல் போகும்.

நிறுத்த வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அதை வெளியே சொல்லும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும், திட்டாமல் கேட்கும் ஆள் எதிரே இருக்க வேண்டும். குறைக்க முடியும். மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு டாக்டரின் கண் முன்னால். ஒரே நாளில் நிறுத்துவதுதான் ஆபத்து. வீட்டில் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களின் பயம் புரிகிறது. ஆனால் ஒருநாள் அது தெரியவரும், அன்றிலிருந்து அவர் வீட்டில் தண்ணீரைக்கூடச் சந்தேகத்தோடுதான் குடிப்பார். விஷம் வைக்கிறார்கள் என்ற பயம்தான் அவர் நோயே என்றால், அது உண்மைதான் என்று நாமே நிரூபித்துக் கொடுத்த கதை.

ரிஸ்பெரிடோன் என்ற இதே வகை மருந்து சாப்பிட்ட ஒரு பெண் மூன்று மாதமாக மாதவிலக்கு வராமல், மார்பில் பால் கசிந்து, கர்ப்பமாகிவிட்டோம் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தார். கல்யாணமாகாதவர். ஆண் டாக்டரிடம் சொல்ல வெட்கம், அம்மாவிடம் சொல்லப் பயம். அவரிடமிருந்து அது வெளியே வந்தது, ரத்த அழுத்தம் பார்க்கும்போது நான் சும்மா “பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?” என்று கேட்டதால். பிரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியதுதான் காரணம். மருந்தை மாற்றினார்கள், சரியாகிவிட்டது. ஆண்களுக்கும் இதே ஹார்மோனால் ஆசை குறையும், மார்பு பெருக்கும். அவர்கள் அதை வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்பார்கள், அவ்வளவுதான்.

எடை. ஓலன்சபின், குளோசபின் என்ற இரண்டு மருந்துகளும் பசியைக் கிளப்பிவிடுகிற விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நம்ப முடியும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதே அடுத்த வேளை எப்போது என்று கேட்பார்கள். இந்த வகை மருந்து தொடங்கினால் முதலில் எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்து எழுத வேண்டும், எடையை 4, 8, 12 வாரங்களில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் நீரிழிவு, மனநல மருத்துவர் சங்கங்கள் 2004-லேயே சேர்ந்து சொல்லிவிட்டன. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எடை மெஷின் எட்டு மாதம் பழுதாகிக் கிடந்தது. நான் மூன்று கடிதம் எழுதினேன். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள், அதில் இதயமும் சர்க்கரையும் பெரிய பங்கு வகிக்கின்றன. அந்த மெஷினை மனநல வார்டில் ஆடம்பரம் என்று நினைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றும் கோபமாகத்தான் வருகிறது.

குளோசபின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த மருந்தின் மேல் ஒரு மரியாதை உண்டு, பயமும் உண்டு. 1975-ல் ஃபின்லாந்தில் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்து, எட்டுப் பேர் நோய்த்தொற்றில் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் 1988-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் 30 சதவீதம் பேர் ஆறே வாரத்தில் குளோசபினால் தேறினார்கள், ஒப்பிட்டுப் பார்த்த குளோர்ப்ரோமசின் என்ற பழைய மருந்தில் 4 சதவீதம் மட்டுமே என்று காட்டியது. மருந்து திரும்பி வந்தது, ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு.

அந்த வரலாற்றால் எல்லார் கண்ணும் வெள்ளணு எண்ணிக்கையிலேயே இருக்கிறது. முதல் மாதங்களில் வாராவாரம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறோம், சரி. அதே நோயாளியிடம் மலம் கழித்தாரா என்று கேட்க மறந்துவிடுகிறோம். குளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும். சாதாரண மலச்சிக்கல் என்று விட்டால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் இந்த எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. நடுக்கத்துக்கென்று கூடவே ட்ரைஹெக்ஸிபெனிடில் கொடுத்திருந்தால் குடல் இன்னும் மோசமாகும்.

சிகரெட் விஷயம் இதைவிட விசித்திரம். புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டுக் குளோசபினை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. வெளியே நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதிக்கொண்டிருந்தவர் வார்டுக்குள் வந்து திடீரென்று நிறுத்தினால், அதே மாத்திரை அதே அளவில் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஒருவர் அட்மிட் ஆன ஐந்தாம் நாள் எச்சில் வடிய, எழுப்பினால் எழாத தூக்கத்தில் கிடந்தார். நான் சீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் பிசகு தெரியவில்லை. மருந்தாளுநர்தான் கேட்டார், “இவர் சிகரெட் பிடிப்பாரா?” என்று. நிகோடின் பேட்ச் ஒட்டினாலும் இதற்குப் பயனில்லை, ஏனென்றால் கல்லீரலைத் தூண்டுவது புகை, நிகோடின் இல்லை. அளவைக் குறைத்தார்கள், எழுந்து உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய்த் திரும்பப் பிடிக்க ஆரம்பித்தால் அளவை மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தோம். இன்னொன்று, 48 மணி நேரத்துக்கு மேல் குளோசபின் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். அறுவை சிகிச்சைக்கு வேறு வார்டுக்குப் போன நோயாளிகளுக்காக நான் ஃபோனில் சண்டை போட்டதெல்லாம் இதற்காகத்தான்.

அவசரத்துக்கு ஓடவேண்டிய அறிகுறி ஒன்றை மட்டும் வீட்டாரிடம் விடாமல் சொல்லி அனுப்புவேன். காய்ச்சல், மரக்கட்டை மாதிரி உடல் விறைப்பு, குழப்பம், வியர்வை எல்லாம் சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்கு. இருமுனைக் கோளாறுக்கு லித்தியமும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் என்றால் கூடவே, கடையில் கேட்டு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை வாங்கக் கூடாது, வாந்தியோ பேதியோ வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும் என்பேன். இரண்டுமே லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

எச்சில் வடியத் தூங்கினாரே, அவர் இப்போதும் மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வருவார். நான் ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்தி, வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பேன். ஆரம்பத்தில் நெளிவார். இப்போது ஓ.பி. வராந்தாவின் அந்தக் கோடியிலேயே என்னைப் பார்த்துவிட்டால் போதும், வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, “தினமும் போகுது சிஸ்டர்!” என்று கை ஆட்டுகிறார்.