டி.பி.பி.எச் சோதனை: ஐ.சி.50 எண்ணை நம்பும்படி எடுப்பது எப்படி

மூலிகைச் சாறுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கும் ஆய்வேடுகளில் அஸ்கார்பிக் அமிலத்தின் (வைட்டமின் சி) ஐ.சி.50 மதிப்பை, அதாவது டி.பி.பி.எச் என்ற ஊதா ரீஏஜென்ட்டின் நிறத்தைப் பாதியாக்கும் செறிவை, மட்டும் வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஒன்றில் மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் இருக்கும், இன்னொன்றில் அதைப் போல் பல மடங்கு இருக்கும். அமிலமும் ஒன்றுதான், ரீஏஜென்ட்டும் ஒன்றுதான். குவெட்டுக்குள் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு குப்பிக்குள்) டி.பி.பி.எச் எவ்வளவு இருந்தது என்பதில்தான் பெரும்பாலும் வேறுபாடு. அதைச் சொல்லாத ஐ.சி.50 எண்ணை வேறு எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது.

டி.பி.பி.எச் ஒரு நிலையான ஃப்ரீ ராடிக்கல், அதாவது இணை சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு. 1922இல் கோல்ட்ஷ்மிட், ரென் இருவரும் இதைத் தயாரித்தார்கள். ஆன்டிஆக்சிடன்ட் அளவிட இதைப் பயன்படுத்தலாம் என்று 1958இல் பிளாய்ஸ் காட்டினார். மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா நிறம், 517 நானோமீட்டரில் உச்ச உறிஞ்சல். ஹைட்ரஜனோ எலக்ட்ரானோ கிடைத்ததும் மஞ்சளாகிவிடும். ஊதா எவ்வளவு குறைந்தது என்பதே நாம் அளப்பது.

இதன் மூலக்கூறு எடை 394.32. 0.1 மில்லிமோலார் கரைசல் 100 மி.லி. வேண்டுமென்றால் 3.94 மி.கி. போதும். ஆனால் நான்கு தசம இலக்கத் தராசில் 4 மி.கி. எடுப்பது ஆபத்து, கடைசி இலக்கம் ஒன்று தடுமாறினாலே இரண்டரை சதவீதம் பிழை. 7.9 மி.கி. எடுத்து 20 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார் ஸ்டாக் கிடைக்கும். அதில் 10 மி.லி. எடுத்து 50 மி.லி. ஆக்கினால் 0.2 மில்லிமோலார். படிகங்கள் சீக்கிரம் கரையாது. சில நிமிடம் சோனிகேட்டரில் வைத்து, அடியில் கறுப்புத் துகள் இல்லை என்று வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு உடனே ஃபாயில் சுற்றுங்கள். கரைசலை அன்றன்றைக்குப் போடுவது நல்லது. மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு, ஃபியூம் ஹுட்டுக்குள் வேலை செய்யுங்கள்.

இந்த 0.2 மில்லிமோலார் டி.பி.பி.எச் 1 மி.லி., சாறு 1 மி.லி., வோர்டெக்ஸில் கலக்கல், 30 நிமிடம் இருட்டு, 517இல் அளவீடு. கலந்தபின் டி.பி.பி.எச் 0.1 மில்லிமோலார், அதாவது 100 மைக்ரோமோலார். சாறுக்குப் பதில் வெறும் மெத்தனால் சேர்த்த கன்ட்ரோல் ஒரு செ.மீ. குவெட்டில் ஏறத்தாழ 1.1 முதல் 1.25 வரை உறிஞ்சல் காட்ட வேண்டும். 0.8 காட்டினால் மேற்கொண்டு போகாதீர்கள். எடை குறைந்திருக்கும், கரையாமல் இருந்திருக்கும், அல்லது பாட்டில் பழசாகியிருக்கும். வாங்கிய பொடியை 2 முதல் 8 டிகிரியில், ஈரமும் ஒளியும் படாமல் வைக்க வேண்டும்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் சரிபார்ப்பு. ஒரு அஸ்கார்பிக் அமில மூலக்கூறு இரண்டு டி.பி.பி.எச் மூலக்கூறுகளை அணைக்கும். 100 மைக்ரோமோலாரில் பாதி 50. அதை அணைக்க 25 மைக்ரோமோலார் அமிலம் போதும். 176.12 மூலக்கூறு எடையால் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 4.4 மைக்ரோகிராம். காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கும் குவெட் தரும் எண்ணும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். 8.8க்கு அருகே வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கணக்கை: சேர்த்த கரைசலின் செறிவை எழுதியிருப்பீர்கள், சரிபாதியாக நீர்த்தபின் உள்ள செறிவை அல்ல. கணக்கு சரியென்றால் அமிலம் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும். அதனால் அமிலக் கரைசலையும் அன்றே போட்டு ஐஸில் வையுங்கள். குவெட்டுக்குள் மில்லிலிட்டருக்கு 1, 2, 4, 6, 8 மைக்ரோகிராம் வரும்படி வரிசை அமைத்தால் சுமார் 11 முதல் 91 சதவீதம் வரை அழகாகப் பரவும். ஒப்பீட்டுக்குப் பயன்படும் இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட்டான ட்ரோலாக்ஸும் இதே இரண்டுக்கு ஒன்றுதான், அதற்கு 6.3 மைக்ரோகிராம் அளவில் வர வேண்டும்.

சாறுக்கு முன்கூட்டியே இப்படிக் கணக்குப் போட முடியாது. நெல்லிக்காய் போல டானின் நிறைந்த சாற்றை மில்லிலிட்டருக்கு 1 மி.கி.யில் தொடங்கினால் எல்லாக் குழாயும் மஞ்சளாகி நிற்கும். முதலில் 1000, 100, 10, 1 மைக்ரோகிராம் என்று ஒரு முன்னோட்டம் பாருங்கள். எங்கே நிறம் பாதியாகிறதோ அதைச் சுற்றி ஐந்து செறிவுகள், ஒவ்வொன்றும் மூன்று குழாய்கள். 20 முதல் 80 சதவீதத்துக்குள் விழும் புள்ளிகளை மட்டும் வைத்து 50ஐக் கண்டுபிடியுங்கள். 35 சதவீதத்தில் நின்றுபோன கோட்டை நீட்டி ஐ.சி.50 எழுதுவது தவறு, அப்போது "இந்தச் செறிவுவரை 50 எட்டவில்லை" என்று எழுதுவதே நேர்மை.

நிறமுள்ள சாறுகளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். செம்பருத்தி, பீட்ரூட் சாறுகளின் நிறமிகள் 517 அருகிலேயே உறிஞ்சும். ஒவ்வொரு செறிவுக்கும் 1 மி.லி. சாறு, 1 மி.லி. மெத்தனால் சேர்த்த தனி பிளாங்க் வைத்து அதன் மதிப்பைக் கழிக்க வேண்டும். கன்ட்ரோலிலிருந்து இப்படித் திருத்திய மதிப்பைக் கழித்து, கன்ட்ரோலால் வகுத்து, நூறால் பெருக்கினால் சதவீதம். எதிர்மறை எண் வந்தால் இந்த பிளாங்க் விடுபட்டிருக்கும், அல்லது குழாய் கலங்கியிருக்கும். வினை முடிந்தபின் மிஞ்சும் மஞ்சளும் 517இல் சிறிது உறிஞ்சும். அதனால் நன்றாகச் செய்த சோதனை 100ஐத் தொடாமல் தொண்ணூறுகளிலேயே நின்றுவிடும்.

கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். டி.பி.பி.எச் தண்ணீரில் கரையாது. கலவையில் பாதிக்கு மேல் தண்ணீர் போனால் ராடிக்கல் திரளத் தொடங்கும், சாற்றில் உள்ள புரதமும் மெத்தனாலில் திரியும். மேலே சொன்ன சரிபாதிக் கலவையில் நீர்ச்சாற்றை அப்படியே ஊற்றக்கூடாது என்பது இதனால்தான். அமிலமும் காரமும் விளையாடும்: மெத்தனாலில் ஃபீனால்கள் அயனியாகி எலக்ட்ரான் தருவதால், துளி அமிலம் வினையை மந்தமாக்கும், காரம் வேகப்படுத்தும். அமிலம் சேர்த்துப் பிழிந்த சாற்றுக்கு அதே அமிலம் சேர்த்த கன்ட்ரோல் வையுங்கள்.

30 நிமிடம் என்பது ஒரு வழக்கம்தான். அஸ்கார்பிக் அமிலம் ஓரிரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். பி.எச்.டி (BHT) என்ற செயற்கை ஆன்டிஆக்சிடன்ட் மணிக்கணக்கில் இழுக்கும், அதை 30 நிமிடத்தில் அளந்து "பலவீனமானது" என்று எழுதுவது அநியாயம். புதிய சாறு என்றால் 5, 15, 30, 60 நிமிடங்களில் ஒருமுறை அளந்து, எங்கே நிறம் நிலைக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

96 குழித் தட்டில் செய்பவர்களுக்கு: 200 மைக்ரோலிட்டரில் ஒளி கடக்கும் தூரம் ஒரு செ.மீ. அல்ல, ஏறத்தாழ 0.6தான், எனவே கன்ட்ரோல் 0.7 அளவில் வந்தால் பயப்பட வேண்டாம். மெத்தனால் டிப்பிலிருந்து சொட்டும், இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு டிப்பை நனைத்தபின் எடுங்கள். ஓரக் குழிகள் முதலில் ஆவியாகும், அங்கே சாறு வைக்காமல் மெத்தனால் நிரப்பி மூடுங்கள். கன்ட்ரோலைத் தட்டின் இரு முனைகளிலும் வையுங்கள். பாலிஸ்டைரீன் தட்டு மெத்தனாலைத் தாங்கும், அசிட்டோனில் கரைத்த சாற்றைத் தாங்காது.

நீர்ச்சாறு மட்டுமே கையில் இருந்தால் ஏ.பி.டி.எஸ் (ABTS) என்ற, தண்ணீரில் கரையும் ரீஏஜென்ட்டைக் கொண்டு செய்யும் சோதனைப் பக்கம் போவது நல்லது. 7 மில்லிமோலார் ஏ.பி.டி.எஸ், 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட் இரண்டும் ஒரே கரைசலில் இருக்கும்படி கலந்து 12 முதல் 16 மணி நேரம் இருட்டில் வைத்து, 734 நானோமீட்டரில் 0.70 வரும்வரை நீர்த்துக்கொள்ள வேண்டும். அந்த அலைநீளத்தில் சிவப்பு, மஞ்சள் நிறமிகளின் தொல்லையும் குறைவு.